மூடிக் கிடக்கும் மரபணுவுக்குள் முதலில் நுழைவது யார்?

கேள்வி கேட்டவர் எழுதியது சுருக்கமாக இதுதான்: "எல்லாச் செல்லிலும் ஒரே டி.என்.ஏ.தான். கல்லீரல் மரபணுக்களை இயக்கும் புரதங்கள் இருப்பதால்தான் கல்லீரல் செல் உருவாகிறது என்று படித்தேன். ஆனால் கருவில் அந்த மரபணுக்கள் சுருட்டி மூடப்பட்டிருக்கின்றன என்றும் படித்தேன். அப்படியானால் அந்தப் புரதங்கள் உள்ளே போவது எப்படி? அதற்கென்று, மூடிய இடத்துக்குள் முதலில் நுழையும் முன்னோடிக் காரணிகள் இருக்கின்றன என்றால், அவற்றை மட்டும் ஒரு செல்லுக்குள் செலுத்தினால் உறுப்பே வந்துவிடாதா?"

மூடியதை முதலில் திறப்பது எப்படி என்பது ஒரு கேள்வி, திறந்துவிட்டாலே காரியம் முடிந்துவிடுமா என்பது இன்னொன்று. பாடப்புத்தகங்கள் முதல் கேள்விக்குச் சுமாராகப் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதைத் தொடாமல் விட்டுவிடுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. நான் குரோமேட்டின் (டி.என்.ஏ.வும் அதைச் சுருட்டி வைக்கும் புரதங்களும் சேர்ந்தது) ஆய்வில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன், இப்போது மாணவர்களுக்கு இதையே சொல்லிக்கொடுக்கிறேன். நேரடியாக வேலை செய்தது பாலூட்டிகளின் செல்களில் மட்டும்தான், மீன், ஈ பற்றிச் சொல்வதெல்லாம் படித்து அறிந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் மூடியிருப்பது என்றால் என்ன என்று பார்ப்போம். ஒரு மனிதச் செல்லின் டி.என்.ஏ.வை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும், அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத உட்கருவுக்குள் அடங்கியிருக்கிறது. ஹிஸ்டோன் என்ற புரதங்கள் எட்டு சேர்ந்து ஓர் உருளைபோல நிற்க, அதைச் சுற்றி 147 எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ. ஏறக்குறைய 1.7 சுற்று சுற்றியிருக்கும். இதுதான் நியூக்ளியோசோம். சுற்று தொடங்கி முடியும் இடத்தில் எச்-1 என்ற இன்னொரு ஹிஸ்டோன் வந்து உட்கார்ந்து இறுக்கிவிடும். மனிதரிடம் சுமார் 1,600 படியெடுத்தல் காரணிகள் இருக்கின்றன, அதாவது டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட எழுத்து வரிசையைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொண்டு, பக்கத்து மரபணுவை இயக்கவோ அடக்கவோ செய்யும் புரதங்கள். அவை தேடும் வரிசை பெரும்பாலும் 6 முதல் 12 எழுத்துதான். அந்த எழுத்துகள் ஹிஸ்டோன் பக்கம் திரும்பி மறைந்திருந்தால் பெரும்பாலான காரணிகளால் பிடிக்க முடியாது. உங்கள் சந்தேகம் இங்கேதான் பிறக்கிறது, அது சரியான சந்தேகமும்கூட.

இதற்கு முதல் தெளிவான விடை ஆல்புமின் மரபணுவிலிருந்து வந்தது. ஆல்புமின் என்பது ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் மிக அதிகமாக இருக்கும் புரதம், கல்லீரல்தான் அதைத் தயாரிக்கிறது. 1990-களில் கென் ஸாரெட்டின் குழு எலிக் கருவை எடுத்து, ஆல்புமின் மரபணுவை முடுக்கிவிடும் என்ஹான்சர் என்ற டி.என்.ஏ. பகுதியில் எந்தப் புரதம் எப்போது வந்து உட்காருகிறது என்று பார்த்தது. கல்லீரல் என்று ஒன்று உருவாவதற்கு முன்பே, ஆல்புமின் ஒரு துளிகூடத் தயாராகாத அகப்படைச் செல்களிலேயே (அகப்படை என்பது குடல், கல்லீரல் போன்றவை உருவாகும் கருவின் உள் அடுக்கு), ஃபாக்ஸ்-ஏ மற்றும் காட்டா குடும்பக் காரணிகளுக்கான இடங்கள் நிரம்பியிருந்தன. மற்ற காரணிகள் வந்தது பிறகுதான். இன்னும் முக்கியமானது, பின்னால் குடலாக மாறப்போகிற, வாழ்நாளில் ஆல்புமினைத் தயாரிக்கவே போகாத அகப்படைச் செல்களிலும் இதே இடங்கள் நிரம்பியிருந்தன. அந்தத் திசுவை அக்கம்பக்கத்துத் திசுக்களிலிருந்து பிரித்து வளர்த்தபோது, அதுவும் ஆல்புமின் தயாரிக்க ஆரம்பித்தது. காரணி அங்கே உட்கார்ந்திருந்தது, வாய்ப்பும் இருந்தது, ஆனால் கருவுக்குள் அக்கம்பக்கம் அனுமதிக்கவில்லை.

அப்புறம் 2002-இல் அதே குழு இதைச் சோதனைக் குழாயில் செய்து காட்டியது. ஆல்புமின் என்ஹான்சரை வைத்து நியூக்ளியோசோம் சரம் ஒன்றைக் கட்டி, எச்-1 சேர்த்து இறுக்கி, அதில் தூய ஃபாக்ஸ்-ஏ புரதத்தைச் சேர்த்தார்கள். அது இறுகிய சரத்திலும் தன் இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டியது, அந்த இடத்தைச் சுற்றி மட்டும் சரம் நெகிழ்ந்தது. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. தேவைப்படவில்லை, வேறு நொதி எதுவும் தேவைப்படவில்லை. காட்டா-4-க்கும் அந்தத் திறமை இருந்தது, ஆனால் ஃபாக்ஸ்-ஏ அளவுக்கு இல்லை. அதே என்ஹான்சரில் ஒட்டக்கூடிய வேறு சில காரணிகளால் முடியவே இல்லை. முன்னோடிக் காரணி என்ற கருத்து உறுதியாக நின்றது இந்தச் சோதனையில்தான் என்று சொல்வேன்.

எப்படி முடிகிறது? நியூக்ளியோசோமில் சுற்றியிருக்கும் டி.என்.ஏ.வின் ஒரு முகம் ஹிஸ்டோனை ஒட்டியிருந்தாலும் மறுமுகம் வெளியே தெரிந்துகொண்டுதான் இருக்கிறது. டி.என்.ஏ.வை எல்லாப் பக்கமும் வளைத்துப் பிடிக்க வேண்டிய புரதத்துக்கு இது போதாது, ஒரு பக்கத்தை மட்டும் பிடித்தாலே தன் வரிசையை அடையாளம் கண்டுகொள்ளும் புரதத்துக்குப் போதும். எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய கருக் குருத்தணுக்களின் காரணியான ஆக்ட்-4 பற்றிய 2020-ஆம் ஆண்டுக் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் (மூலக்கூறுகளை உறையவைத்து எடுப்பவை) இது நன்றாகவே தெரிந்தது. வெற்று டி.என்.ஏ.வில் தன் இரண்டு பகுதிகளாலும் பிடிக்கும் ஆக்ட்-4, நியூக்ளியோசோமில் ஒரு பகுதியால் மட்டும் பாதி வரிசையைப் பிடித்திருந்தது. சாக்ஸ்-2 என்ற இன்னொரு காரணி, தான் ஒட்டும் இடத்தில் டி.என்.ஏ.வை வளைத்து, ஹிஸ்டோனிலிருந்து கொஞ்சம் விலக்கிவிடுகிறது. ஃபாக்ஸ்-ஏ கதை எனக்கு இன்னும் பிடித்தது: அதன் டி.என்.ஏ. பிடிக்கும் பகுதியின் வடிவம் 1993-இல் தெரியவந்தபோது, அது இறுக்கும் ஹிஸ்டோனின் வடிவத்தை ஒத்திருந்தது. எச்-1 உட்காரும் இடத்தில் தான் உட்கார்ந்து அதை விலக்கிவிடும், ஆனால் எச்-1 போல இறுக்காது. 2016-இல் எலிக் கல்லீரலில் பார்த்தபோதும் ஃபாக்ஸ்-ஏ இருக்கும் என்ஹான்சர்களில் நியூக்ளியோசோம் காணாமல் போயிருக்கவில்லை, எச்-1 இல்லாமல் தளர்ந்து, மற்றவர்கள் தொடக்கூடியதாக நின்றிருந்தது. திறப்பது என்றதும் ஹிஸ்டோனைத் தூக்கி எறிவதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள், அப்படி இல்லை.

செல்லுக்குள் நிலைமை சோதனைக் குழாய் மாதிரி அத்தனை எளிது அல்ல. அங்கே முன்னோடிக் காரணி பெரும்பாலும் தனியாக வேலையை முடிப்பதில்லை. அது போய் ஒட்டிய பிறகு, ஏ.டி.பி.யைச் செலவழித்து நியூக்ளியோசோம்களை நகர்த்தும் பெரிய புரதக் கூட்டங்களை அழைத்து வருகிறது. எலியின் கருக் குருத்தணுக்களில் அப்படிப்பட்ட கூட்டத்தின் இயந்திரமான பிஆர்ஜி-1 புரதத்தை நீக்கியபோது, ஆக்ட்-4 திறந்து வைத்திருந்த பல இடங்கள் மூடிக்கொண்டன, ஆக்ட்-4-ஆல் அங்கே சரியாக ஒட்டவும் முடியவில்லை. அதேபோல எல்லா மூடலையும் முன்னோடிகளால் திறக்க முடியாது. ஹிஸ்டோன் எச்-3-இன் 9-ஆவது இடத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் மூன்று மெத்தில் குழுக்கள் என்ற வேதிக் குறி ஏறிய பெரிய பகுதிகள் உண்டு. மனித நாரணுக்களில் (இணைப்புத் திசுச் செல்கள்) ஆக்ட்-4, சாக்ஸ்-2, கேஎல்எஃப்-4, சி-மிக் என்ற நான்கு காரணிகளையும் செலுத்திப் பார்த்த 2012 ஆய்வில், ஆரம்ப நாட்களில் அந்தப் பகுதிகளுக்குள் அவற்றால் நுழைய முடியவில்லை. சாதாரணமாகச் சுருண்டிருப்பது வேறு, முத்திரை குத்திப் பூட்டியிருப்பது வேறு.

சரி, இப்போது இரண்டாவது கேள்வி. திறந்துவிட்டால் போதுமா? போதாது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதற்கு மிகச் சுத்தமான சான்று 2005-இல் க்ளாஸ் கெஸ்ட்னரின் குழு செய்த சோதனை. எலிக் கருவின் அகப்படையில் ஃபாக்ஸ்-ஏ1, ஃபாக்ஸ்-ஏ2 இரண்டையும் நீக்கினார்கள். கல்லீரல் மொட்டு வரவே இல்லை. சாதாரணக் கருவில் 8-ஆவது, 9-ஆவது நாள் வாக்கில் அகப்படைக்குப் பக்கத்தில் உருவாகிக்கொண்டிருக்கும் இதயத் திசுவிலிருந்து எஃப்ஜிஎஃப் என்ற சமிக்ஞைப் புரதம் வரும், அதன் அருகிலுள்ள இடைப்படைத் திசுவிலிருந்து (கருவின் நடு அடுக்கு) பிஎம்பி என்ற இன்னொரு சமிக்ஞைப் புரதம் வரும், இவை கிடைத்த செல்கள் கல்லீரல் பாதையில் போகும். ஃபாக்ஸ்-ஏ இல்லாத அகப்படையைத் தனியே எடுத்து எஃப்ஜிஎஃப்-ஐக் கையால் ஊற்றியும் கல்லீரல் மரபணுக்கள் விழிக்கவில்லை. கட்டளை வந்தது, அதை நிறைவேற்ற மரபணு தயாராக இல்லை. இதற்கு எதிர்ப்புறமும் தெரியும்: ஃபாக்ஸ்-ஏ இருந்து இதயத்தின் எஃப்ஜிஎஃப் கிடைக்காவிட்டால், வயிற்றுப்பக்க முன்குடல் அகப்படை கணையத்தின் பாதையில் போகிறது. முன்னோடிக் காரணி ஒன்றேதான், அக்கம்பக்கத்திலிருந்து வரும் சமிக்ஞை மாறினால் உறுப்பு மாறிவிடுகிறது. அதனால் முன்னோடிக் காரணி தருவது தகுதியை, முடிவை அல்ல என்று சொல்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஃபாக்ஸ்-ஏ ஒட்டக்கூடிய வரிசை மரபணுத்தொகுப்பில் எக்கச்சக்கமாக இருக்கிறது, ஆனால் எந்தச் செல்லிலும் அதில் சிறு பங்கில்தான் அது உட்காருகிறது, அந்தப் பங்கும் செல்லுக்குச் செல் மாறுகிறது. கல்லீரலில் ஓரிடம், மார்பகச் செல்லில் வேறிடம், புராஸ்டேட் செல்லில் இன்னோரிடம். கூட இருக்கும் காரணிகளும் ஏற்கெனவே உள்ள ஹிஸ்டோன் குறிகளும் சேர்ந்து அதை வழிநடத்துகின்றன. மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி டி.என்.ஏ.வில் ஒட்டும் இடங்களில் பெரும்பாலானவை ஃபாக்ஸ்-ஏ1-ஐ நம்பியிருக்கின்றன, அதைக் குறைத்தால் ஏற்பியின் பிடியும் குறைகிறது, செல் பெருகுவதும் குறைகிறது. உறுப்பு உருவாக்கத்துக்காக வந்த வழிமுறையையே புற்றுநோய் பயன்படுத்திக்கொள்கிறது. முன்னோடி என்றால் தொடக்கத்தில் மட்டும் வந்து போய்விடும் என்றும் நினைத்துவிட வேண்டாம். வளர்ந்த எலியின் கல்லீரலில் மூன்று ஃபாக்ஸ்-ஏ மரபணுக்களையும் நீக்கியபோது கல்லீரலின் மரபணு இயக்கமே சரிந்து, உறுப்பு செயலிழந்தது. திறந்த இடம் தானாகத் திறந்தே நிற்பதில்லை, அதைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

அளவும் ரொம்ப முக்கியம், இதை மருத்துவம் படிப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். காட்டா-6 மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே மனிதக் குழந்தை கணையமே இல்லாமல் பிறக்கலாம் என்று 2012-இல் தெரியவந்தது. எலியில் ஒரு பிரதி போனால் கணையத்துக்கு ஒன்றும் ஆவதில்லை, காட்டா-4, காட்டா-6 இரண்டையும் சேர்த்து நீக்கினால்தான் கணையம் வராமல் போகிறது. காட்டா-4-இல் ஒரு பிரதி பழுதான குடும்பங்களில் இதயத் தடுப்புச் சுவரில் ஓட்டை வருவது 2003 முதலே தெரியும். முழுவதுமாக இல்லாமல் போவது தேவையில்லை, பாதியாகக் குறைந்தாலே ஓர் உறுப்பு தவறிப்போகலாம். எலியில் சரியாக இருந்தது என்பதற்காக மனிதருக்கும் சரி என்று சொல்ல முடியாது என்பதற்கும் இது நல்ல பாடம்.

நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கேள்விக்குள் இருக்கிறது: முன்னோடிக் காரணியின் மரபணுவையே யார் திறந்தார்கள்? அதற்கு முன்னால் வந்த காரணிகள். அதற்கும் முன்னால்? இந்தச் சங்கிலியைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே போனால் முட்டையில், அதாவது தாயிடம் போய் நிற்கும். பழ ஈயில் ஸெல்டா என்ற காரணியின் தூது ஆர்.என்.ஏ.வைத் தாய் முட்டைக்குள்ளேயே வைத்து அனுப்புகிறது. கரு தன் சொந்த மரபணுக்களை முதன்முதலாக இயக்கத் தொடங்குவது இந்த ஸெல்டாவால்தான், இது 2008 முதல் உறுதியாகத் தெரியும். வரிக்குதிரை மீனில் தாய் தரும் நானாக், பியூ5எஃப்3, சாக்ஸ்-19பி மூன்றும் அந்த வேலையைச் செய்கின்றன. பியூ5எஃப்3 என்பது பாலூட்டிகளின் ஆக்ட்-4-க்கு உறவுக்காரன். பாலூட்டிகளில் இந்த முதல் ஆள் யார் என்பதில் சண்டை ஓயவில்லை. 2022-இல் எலியில் என்ஆர்5ஏ2 என்று ஒரு குழு சொன்னது, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு குழுக்கள் அந்தக் காரணி இல்லாமலும் முதல் விழிப்பு நடக்கிறது, அது கட்டாயம் தேவைப்படுவது சற்றுப் பிந்தைய கட்டத்தில்தான் என்று காட்டின. ஓபாக்ஸ் என்ற குடும்பத்துக்கு 2023-இல் வலுவான சான்று வந்தது. ஒன்று போனால் இன்னொன்று ஈடுகட்டுவதால்தான் பாலூட்டிகளில் இது இத்தனை சிக்கலாக இருக்கிறது என்பது என் கருத்து.

இப்போது சந்தேகத்துக்குரிய பகுதிக்கு வருகிறேன். முன்னோடிகள் என்று ஒரு தனி ஜாதிப் புரதங்கள், மற்றவை எல்லாம் பின்தொடர்பவை என்ற பிரிவினை நான் படித்த காலத்தில் கறாராகச் சொல்லப்பட்டது. இன்று அதை அப்படியே சொல்லத் தயங்குவேன். 2022-இல் வந்த ஓர் ஆய்வில், கல்லீரலோடு சம்பந்தமே இல்லாத ரத்தப் புற்றுநோய்ச் செல்லில் ஃபாக்ஸ்-ஏ1-ஐயும், பின்தொடர்பவர் என்று கருதப்பட்ட எச்என்எஃப்-4ஏ என்ற கல்லீரல் காரணியையும் தனித்தனியாகச் செலுத்தினார்கள். இரண்டுமே மூடிய இடங்களில் நுழைந்து திறந்தன. புரதத்தின் அளவும், அந்த இடத்தில் எத்தனை வரிசைகள் நெருக்கமாக இருக்கின்றன என்பதும்தான் கணக்கில் வந்தது. 2016-இல் இன்னொரு குழு, ஸ்டீராய்டு ஏற்பிகள் (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி போன்றவை) முதலில் போய் ஃபாக்ஸ்-ஏ1-க்கு இடம் செய்துகொடுக்கும் இடங்களும் உண்டு என்று காட்டியது. அதே ஆய்வில் ஒரு ஃபாக்ஸ்-ஏ1 மூலக்கூறு ஓரிடத்தில் தங்குவது சில விநாடிகள்தான் என்றும் தெரிந்தது. காரணி ஏறி உட்கார்ந்து நாள்கணக்கில் காவல் காக்கும் படம் நம் மனதில் இருந்தால் அதை மாற்றிக்கொள்ள வேண்டும், வந்து வந்து போவதால்தான் அந்த இடம் திறந்து நிற்கிறது. முன்னோடியாக இருப்பது ஒரு புரதத்தின் நிரந்தரக் குணம் என்பதைவிட, ஒரு செல்லில், ஓர் அளவில், ஒரு குறிப்பிட்ட வரிசையில் அது செய்யும் வேலை என்று பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனாலும் ஃபாக்ஸ்-ஏ, காட்டா, சாக்ஸ் போன்றவை அந்த வேலையில் மற்றவற்றைவிடத் தெளிவாகக் கைதேர்ந்தவை. எல்லாக் காரணியும் ஒன்றுதான் என்று மறுமுனைக்கு ஓடும் சிலரோடும் எனக்கு உடன்பாடில்லை.

செல் பிரியும்போது குரோமோசோம் இறுகிவிடுகிறதே, அப்போது நினைவு எப்படித் தங்குகிறது என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. முன்னோடிக் காரணிகள் அப்போதும் ஒட்டிக்கொண்டிருந்து அடையாளம் வைக்கின்றன என்பார்கள். பிரியும் செல்லின் குரோமோசோம்களில் ஃபாக்ஸ்-ஏ1 இருப்பது உண்மைதான். பல காரணிகள் அப்போது விலகிவிடுவதாக முன்பு நினைத்ததில் ஒரு பங்கு, செல்களைப் பதப்படுத்தும் ஃபார்மால்டிஹைடு உண்டாக்கிய பிழை என்று 2016-இல் தெரிந்தது, உயிருள்ள செல்லில் பார்த்தால் சாக்ஸ்-2 போன்றவை தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் தொட்டுக்கொண்டிருப்பது மட்டும் நினைவாகிவிடுமா என்பதில் சான்று அவ்வளவு பலமில்லை, அந்த நொடிகளில் மட்டும் காரணியை அகற்றி விளைவைப் பார்ப்பது கடினமான சோதனை.

கடைசியாக, செல்லுக்குள் செலுத்தினால் உறுப்பு வருமா? செல் வகை மாறும், அது நிரூபணமான விஷயம். 1987-இல் மையோ-டி என்ற ஒரே காரணியைச் செலுத்தி எலியின் நாரணுக்களைத் தசைச் செல்களாக மாற்றினார்கள். 2006-இல் ஷின்யா யமனாகா நான்கு காரணிகளால் எலியின் நாரணுக்களைக் குருத்தணுக்களாக மாற்றினார், அதில் மூன்று நியூக்ளியோசோமில் ஒட்டக்கூடியவை, நான்காவதான சி-மிக் மற்றவற்றின் துணை இருந்தால்தான் அதைச் சரியாகச் செய்கிறது. உங்கள் கல்லீரலுக்கே வந்தால், 2011-இல் இரண்டு குழுக்கள் எலி நாரணுக்களில் இதைச் செய்தன: ஒன்று எச்என்எஃப்-4ஏ-வோடு ஏதாவது ஒரு ஃபாக்ஸ்-ஏ, மற்றது காட்டா-4, எச்என்எஃப்-1ஏ, ஃபாக்ஸ்-ஏ3. இரண்டிலும் முன்னோடி உண்டு, இரண்டிலும் முன்னோடி மட்டும் போதவில்லை என்பதைப் பாருங்கள். கிடைத்த செல்கள் ஆல்புமின் தயாரித்தன. ஆனால் 2014-இல் அப்படிப்பட்ட செல்களின் மொத்த மரபணு இயக்கத்தையும் ஆராய்ந்தபோது, அவை முழுமையான கல்லீரல் செல்களாக இல்லாமல் அகப்படையின் முன்னோடிச் செல்கள் போலவும், எலியின் பெருங்குடலில் போய் ஒட்டிக்கொள்ளும் திறன் உள்ளவையாகவும் இருந்தன. ஃபாக்ஸ்-ஏ குடல், கல்லீரல், கணையம் எல்லாவற்றுக்கும் பொதுவான காரணி என்பதை நினைத்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை.

செல் வேறு, உறுப்பு வேறு. எலிக் கருவில் ரத்தக்குழாய்ச் செல்கள் உருவாகாதபடி செய்தால், ஃபாக்ஸ்-ஏ எல்லாம் சரியாக இருந்தும் கல்லீரல் மொட்டு வளர்ந்து பரவாமல் நின்றுவிடுகிறது, ரத்தம் ஓடத் தொடங்குவதற்கு முன்பே அந்தச் செல்களின் பேச்சு தேவைப்படுகிறது. ஜப்பானில் தகேபேயின் குழு 2013-இல் ஆய்வகத்தில் மனிதக் கல்லீரல் மொட்டுகளை உருவாக்கியபோது கல்லீரல் வழியில் திருப்பிய செல்களை மட்டும் வைத்து அதைச் செய்யவில்லை, ரத்தக்குழாய்ச் செல்களையும் மீசென்கைமல் செல்களையும் (இணைப்புத் திசுவாக மாறக்கூடியவை) கலந்துவிட்டார்கள். மூன்றும் சேர்ந்த பிறகுதான் தாமாகத் திரண்டு மொட்டாகின, எலிக்குள் வைத்தபோது அதன் ரத்தக்குழாய்களோடு இணைந்து வேலையும் செய்தன.